முதுகு வலிக்குக் கைரோபிராக்டரிடம் போகலாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முதுகு வலி வந்தவர்கள் வழக்கமாக முதலில் கேட்பது, "நல்ல கைரோபிராக்டர் யாராவது தெரியுமா?" என்றுதான். கைரோபிராக்டர் என்றால் முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் திருப்பியும் சிகிச்சை தருபவர்; அந்த முறைதான் கைரோபிராக்டிக். அந்தக் கேள்விக்கு முன்னால் பார்த்து முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதையெல்லாம் தாண்டிக் குதித்து நேராகப் போய்ப் படுக்கிறவர்கள்தான் தேவையில்லாமல் செலவு செய்கிறார்கள். சில சமயம் ஆபத்திலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

என் முதுகுக்காக இந்த முடிவை நானே எடுத்திருக்கிறேன். பிறகு நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் துணையாகப் போனபோது, எல்லோரும் தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதைப் பார்த்தேன். கைரோபிராக்டிக் நல்லதா கெட்டதா என்று பொதுவாக விவாதிப்பதில் பயனில்லை. உங்கள் முதுகுக்கு, இந்த நேரத்தில், அது பொருந்துமா என்பதுதான் கேள்வி. கீழே உள்ள வரிசைப்படி போனால் பதில் தானாகத் தெளியும். இது கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டி, அதாவது இடுப்பு வலி என்று நாம் பொதுவாகச் சொல்வது. மருத்துவரின் பரிசோதனைக்கு இது மாற்று இல்லை.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு சின்ன நோட்டு. இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயர்கள். பழைய மருத்துவ அறிக்கைகள் இருந்தால் அவை. முன்பு செய்த அறுவை சிகிச்சைகள், எலும்பு முறிவுகள், புற்றுநோய் சிகிச்சை ஏதாவது நடந்திருந்தால் அதன் விவரம். வலி எந்தத் தேதியில், என்ன செய்துகொண்டிருந்தபோது தொடங்கியது என்ற ஒரு வரி.

மருந்துப் பட்டியலைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். முதுகைக் கையால் அழுத்தித் திருப்பலாமா கூடாதா என்பதை அந்தப் பட்டியலில் உள்ள ஒரே ஒரு மாத்திரை தீர்மானித்துவிடலாம். அதனால் ஞாபகத்தை நம்பாமல் எழுதியே வையுங்கள்.

1. முதலில் அவசரத்தை விலக்குங்கள்

இந்தப் படியை முடிக்காமல் அடுத்ததற்குப் போகவே கூடாது. முதுகு வலிகளில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை, உண்மைதான். ஆனால் ஆபத்தான அந்தச் சில வலிகளில் தாமதம் நிரந்தரச் சேதத்தில் முடியும். அந்த முதுகில் யாராவது கைவைத்தால் நிலைமை இன்னும் மோசமாகலாம்.

அன்றைக்கே, தேவைப்பட்டால் நள்ளிரவிலேயே, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய அறிகுறிகள் இவை: சிறுநீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, ஆனால் வரவில்லை. அல்லது கட்டுப்பாடில்லாமல் கசிகிறது. மலத்தை அடக்க முடியவில்லை. பிறப்புறுப்பைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போயிருக்கிறது. இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் பலவீனமாகின்றன. தண்டுவடத்தின் கீழ்முனையில் கொத்தாக இறங்கும் நரம்புகள் நசுங்கும்போது இப்படி நடக்கும். அழுத்தத்தை அகற்றச் சில மணி நேரங்களே கிடைக்கலாம்.

மரத்துப்போனது பலருக்கு உடனே தெரிவதில்லை. கழிப்பறையில் சுத்தம் செய்யும்போது தொடு உணர்வு வழக்கம்போல இருக்கிறதா என்று கவனியுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுகிற அறிகுறி இதுதான். மருத்துவரும் இதைக் கேட்பார், தயங்காமல் சொல்லுங்கள்.

அடுத்த வகை, ஓரிரு நாளில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவை. முதுகு வலியோடு காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம். காரணமில்லாமல் எடை குறைவது. முன்பு புற்றுநோய் வந்திருப்பது. விழுந்தோ விபத்திலோ அடிபட்ட பிறகு வந்த வலி. படுத்தாலும் எழுந்தாலும் கொஞ்சமும் மாறாமல் இரவு முழுக்கத் தூங்கவிடாத வலி. நாளுக்கு நாள் கூடும் கால் பலவீனம். இவற்றுக்குப் பின்னால் தொற்று, முறிவு, கட்டி, நரம்பு பாதிப்பு இருக்கலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும் கைரோபிராக்டர் என்ற பேச்சை அப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள்.

2. வலி எங்கிருந்து வருகிறது என்று வகைப்படுத்துங்கள்

முதுகில் வலித்தால் முதுகெலும்பில்தான் கோளாறு என்று நினைக்க வேண்டியதில்லை. சிறுநீரகக் கல் வலி விலாவுக்குக் கீழே தொடங்கி, அலை அலையாகத் தொடை இடுக்கு நோக்கி இறங்கும். எப்படிப் படுத்தாலும் நிம்மதி இருக்காது. அக்கி வரும்போது ஒரு பக்கமாகப் பட்டையாக எரியும், கொப்புளம் சில நாள் கழித்துத்தான் தெரியும். வயதானவர்களுக்கு, முக்கியமாகப் புகைபிடித்தவர்களுக்கு, திடீரென்று முதுகும் வயிறும் சேர்ந்து கடுமையாக வலித்து மயக்கம் வந்தால் வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம். அது அவசரத்திலும் அவசரம்.

இவற்றுக்கெல்லாம் ஒரு பொதுவான அடையாளம் உண்டு: குனிவது, நிமிர்வது, திரும்புவது எதனாலும் வலி பெரிதாக மாறுவதில்லை. அசைவுக்கேற்பக் கூடிக் குறையும் வலிக்குத்தான் அசைவு சார்ந்த சிகிச்சையில் ஏதாவது பலன் எதிர்பார்க்க முடியும்.

அப்புறம் அழற்சி வகை. நாற்பது வயதுக்குள் மெதுவாகத் தொடங்கியிருக்கும், மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்திருக்கும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்திருக்கும். ஓய்வெடுத்தால் கூடும், நடமாடினால் குறையும். பின்னிரவில் வலியால் விழிப்பு வரும். இப்படி இருந்தால் முதலில் பார்க்க வேண்டியவர் மூட்டு அழற்சி நோய்களுக்கான மருத்துவர். இந்த வகை நோயாளிகள் வருடக்கணக்கில் "சாதாரண இடுப்பு வலி" என்று அலைவது சகஜம். இந்த நோய் முற்றி முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தால், முதுகைத் திடீரென்று திருப்புவதே முறிவில் முடியலாம்.

இனி கால். வலி பிட்டத்திலிருந்து முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை இறங்கினால் நரம்பு சம்பந்தப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். வீட்டிலேயே ஒரு சின்னப் பரிசோதனை செய்துபாருங்கள். சுவரோரமாக நின்று, விழுந்துவிடாமல் ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, குதிகால்களில் மட்டும் பத்து அடி நடங்கள். பிறகு நுனிக்கால்களில் பத்து அடி. அதன் பிறகு ஒற்றைக் காலில் நின்று நுனிக்காலில் எழும்பி இறங்குங்கள், இரண்டு பக்கமும். ஒரு பக்கம் முன்பாதம் தொய்ந்து தரையைத் தட்டினாலோ, எழும்பவே முடியாமல் போனாலோ அந்தக் காலின் தசைக்குப் போகும் நரம்பு பலவீனமாகியிருக்கலாம்.

வலிக்கிறது, ஆனால் செய்ய முடிகிறது என்றால் பரவாயில்லை. வலியே இல்லாவிட்டாலும் செய்ய முடியவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்: வலி குறைந்துவிட்டது, அதனால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். பலவீனம் கூடிக்கொண்டே வலி குறைந்தால் அது நல்ல சேதி அல்ல.

3. உங்கள் உடலில் கைவைக்கத் தடை உண்டா என்று பாருங்கள்

எழுதி வைத்த பட்டியலை இப்போது எடுங்கள். வேகமாக அழுத்தித் திருப்பும் சிகிச்சை எலும்பின் பலத்தையும் ரத்தம் உறையும் தன்மையையும் நம்பித்தான் செய்யப்படுகிறது. அந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் கணக்கு மாறிவிடும்.

எலும்பு அடர்த்திக் குறைவு இருப்பவர்கள், நீண்ட காலம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள், சின்ன அடியிலேயே முன்பு எலும்பு முறிந்தவர்கள், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், எலும்பில் புற்றுநோய் பரவியவர்கள். இவர்களில் யாராக இருந்தாலும் உங்கள் மருத்துவரின் தெளிவான சம்மதம் இல்லாமல் போக வேண்டாம். இவர்களில் சிலருக்கு இந்த அழுத்தல் எப்போதுமே கூடாது. சிலருக்கு வேகமில்லாத மென்மையான முறைகள் மட்டும் பொருந்தலாம். கர்ப்பிணிகள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

மாதவிடாய் நின்ற பெண்கள் எலும்பு அடர்த்தியை ஒருமுறைகூடப் பரிசோதித்திருக்காவிட்டால் இந்த இடத்தில் நின்று அதைக் கேளுங்கள். எலும்பு பலவீனமானது பெரும்பாலும் முதல் முறிவு வரும்வரை தெரியாது.

4. நாட்களைக் கணக்கிடுங்கள்

இதுவரை எந்தத் தடையும் இல்லை என்றால், வலி தொடங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள். திடீரென்று பிடித்துக்கொண்ட இடுப்பு வலி, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில், எந்தச் சிகிச்சையும் இல்லாமலே கணிசமாகக் குறைந்துவிடும். நான்கு முதல் ஆறு வாரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டாம் நாளே ஓடுகிறவர்கள், தானாகக் குறையவிருந்த வலிக்கு வேறொருவரைக் காரணமாக்கிக்கொள்கிறார்கள். அடுத்த முறை வலித்ததும் அவரில்லாமல் முடியாது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்த எண்ணம் வலியைவிட நீண்ட நாள் தங்கும்.

காத்திருப்பது என்றால் படுத்துக்கிடப்பதல்ல. படுக்கையில் கிடப்பது குணமாவதைத் தாமதப்படுத்துகிறது என்பதில் இன்று மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. முடிந்த அளவு நடங்கள், ஒரே இடத்தில் நெடுநேரம் உட்காராதீர்கள், வெந்நீர்ப்பை வைத்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை தேவைப்பட்டால் வயிறு, சிறுநீரகம், ரத்த அழுத்தம் ஆகியவற்றை வைத்து மருத்துவரோ மருந்தாளுநரோ சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். வலித்துக்கொண்டே செய்யும் அசைவு முதுகைச் சேதப்படுத்துகிறது என்ற பயம்தான் பலரை முடக்கிப்போடுகிறது. முதல் படியில் சொன்ன அறிகுறிகள் இல்லாதபோது, ஓரளவு வலியோடு நடப்பதால் கெடுதல் இல்லை.

இரண்டு வாரம் இப்படி நடமாடியும் கொஞ்சமும் நகரவில்லையா, அல்லது வலி அடிக்கடி திரும்பி வருகிறதா? அப்போது கைரோபிராக்டரை யோசிப்பது நியாயம்.

5. ஸ்கேன் எடுத்துக்கொண்டு தொடங்காதீர்கள்

முதல் மூன்று படிகளில் எதுவும் சிக்காதவர்களுக்கு, முதல் ஆறு வாரங்களுக்குள் எக்ஸ்ரேவோ எம்ஆர்ஐயோ பொதுவாகத் தேவையில்லை. செலவு மட்டும் காரணமல்ல. வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் "ஜவ்வு தேய்மானம்", "டிஸ்க் பிதுக்கம்" எல்லாம் தெரியும். 2015-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது), வலி இல்லாதவர்களின் ஸ்கேன்களை மட்டும் எடுத்துப் பார்த்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, எண்பது வயதில் 96 சதவீதம்.

ஆக, அறிக்கையில் இருக்கும் சொற்களுக்கும் உங்கள் வலிக்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் அந்தச் சொற்களைப் படித்த பிறகு குனியப் பயப்படாதவர்கள் குறைவு. ஸ்கேனைக் காட்டிப் பயமுறுத்தி நீண்ட சிகிச்சைக்கு இழுப்பவர்களுக்கும் அதே சொற்கள்தான் வசதியாகப் போகின்றன. ஏற்கெனவே எடுத்த அறிக்கை இருந்தால் கொண்டுபோங்கள். இதற்கென்று புதிதாக எடுக்க வேண்டாம்.

6. எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இணையத்தில் வரும் காணொளிகளில் ஒரே ஒரு "டக்" சத்தத்தோடு ஒருவர் கண்ணீர் மல்க எழுந்து நடப்பார். அந்த எதிர்பார்ப்போடு போகாதீர்கள். ஆய்வுகள் சொல்லும் அளவு அதைவிட மிகவும் அடக்கமானது.

புதிதாக வந்த வலி பற்றி 2017-ல் ஜாமா மருத்துவ இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சை பெற்றவர்களுக்கு, ஆறு வாரத்துக்குள் 100 புள்ளி அளவுகோலில் சராசரியாகச் சுமார் 10 புள்ளி வலி கூடுதலாகக் குறைந்தது என்பது அதன் முடிவு. நாள்பட்ட வலி பற்றி 2019-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி போன்ற பரிந்துரைக்கப்படும் மற்றச் சிகிச்சைகள் அளவுக்கே இதுவும் பலன் தருகிறது என்று அது சொன்னது. அவற்றைவிடப் பெரிதாக மேலும் இல்லை, கீழும் இல்லை.

மருத்துவ அமைப்புகளின் நிலைப்பாடும் இதை ஒட்டியதே. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-ல் மருந்தில்லாத வழிகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016-ல், உடற்பயிற்சியோடு சேர்ந்தால் மட்டும் பயன்படுத்தலாம் என்றது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டுதலிலும் இது இடம்பெற்றிருக்கிறது, உடற்பயிற்சியும் வலி பற்றிய விளக்கமும் கூடவே இருக்கின்றன. நைஸ் சொன்ன அந்த நிபந்தனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உடற்பயிற்சி இல்லாத கைரோபிராக்டிக் பாதிச் சிகிச்சைதான்.

இனி மறுபக்கம். சிகிச்சை முடிந்து ஓரிரு நாள் உடம்பு வலி, அசதி, தலைவலி வருவது சாதாரணம், ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஒன்று வரும். கீழ்முதுகில் பெரிய சேதம் அரிது. கழுத்து வேறு கதை. கழுத்தைத் திடீரென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. அரிதுதான். ஆனால் இடுப்பு வலிக்குப் போனவர் கழுத்துக்காக அந்த அபாயத்தை ஏற்க எந்தத் தேவையும் இல்லை.

அந்தச் சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விரலில் நெட்டி முறிக்கும்போது வருவதும் முதுகில் வருவதும் ஒன்றுதான்: மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் திடீரென அழுத்தம் குறைந்து வாயு இடைவெளி உருவாகும் சத்தம். விலகிய எலும்பு திரும்பிச் சேர்ந்த சத்தம் அல்ல அது. சத்தம் வராவிட்டால் சிகிச்சை தோற்றது என்றும் அர்த்தமில்லை.

7. பிசியோதெரபியோடு ஒப்பிடுங்கள்

பலன் ஏறக்குறைய ஒன்று என்னும்போது, எது எளிதில் கிடைக்கும், எது உங்கள் பழக்கத்தை மாற்றும், எது கைக்கு அடங்கும் என்பதைப் பார்த்தே தேர்வு செய்ய முடியும். ஒரே இடத்தில் உடற்பயிற்சியும் கைச்சிகிச்சையும் தரும் பிசியோதெரபிஸ்ட் பக்கத்திலேயே இருந்தால் நான் முதலில் அங்கே அனுப்புவேன். பயிற்சி உங்களோடு வீட்டுக்கு வரும், சிகிச்சை மேசை வராது.

ஏற்கெனவே பயிற்சிகளை ஒழுங்காகச் செய்து பார்த்தும் ஒரு கட்டத்தில் தேங்கி நிற்பவர்கள், விறைப்பு காரணமாகப் பயிற்சியையே தொடங்க முடியாதவர்கள், இந்த இரு பிரிவினருக்கும் கைரோபிராக்டர் ஒரு நியாயமான தேர்வு. வலி குறையும் அந்த இடைவெளியில் பயிற்சிக்குள் நுழைந்துவிடலாம்.

8. ஆளைத் தேர்ந்தெடுங்கள்

இப்போதுதான் "நல்ல கைரோபிராக்டர் யார்?" என்ற கேள்வி வருகிறது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் கைரோபிராக்டர்கள் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்க முடியும். பல நாடுகளில் அப்படிப்பட்ட சட்டமே இல்லை. அங்கே சில வாரப் பயிற்சி முடித்தவரும் பல வருடம் கல்லூரியில் படித்தவரும் ஒரே பெயர்ப்பலகை வைத்திருக்கலாம். பதிவேடு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் எங்கே படித்தார், எத்தனை ஆண்டுப் படிப்பு, என்ன பட்டம் என்று நேராகக் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிறவரிடம் போக வேண்டியதில்லை.

நேரம் பதிவு செய்யும் முன் தொலைபேசியிலேயே மூன்று கேள்விகள் போதும். "முதல் சந்திப்பில் என்னென்ன பரிசோதிப்பீர்கள்?" "என்னுடையது போன்ற வலிக்கு வழக்கமாக எத்தனை முறை வரச் சொல்வீர்கள்?" "பலன் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?" மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கூர்ந்து கேளுங்கள். "மருத்துவரிடம் அனுப்புவேன்" அல்லது "வேறு முறை பார்ப்போம்" என்பது நல்ல பதில். "பலன் இல்லாமல் போகாது" என்று சொன்னால் போனை வைத்துவிடலாம்.

ஆஸ்துமா, ரத்த அழுத்தம், குழந்தைகளின் வயிற்று வலி எல்லாவற்றையும் முதுகெலும்பைச் சரிசெய்தே குணமாக்குவதாக விளம்பரம் செய்பவர்களையும் தவிருங்கள். அதற்கு ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாததைச் சொல்லத் தயங்காதவர் உங்கள் இடுப்பைப் பற்றியும் அப்படித்தான் பேசுவார்.

9. முதல் சந்திப்பில் கவனிக்க வேண்டியவை

ஒழுங்கானவர் முதலில் கதை கேட்பார். வலி எப்போது, எங்கே, என்ன மருந்து, சிறுநீர் மலம் எப்படி என்று கேட்பார். பிறகு குனிய, நிமிர, திரும்பச் சொல்வார். படுக்கவைத்து ஒவ்வொரு காலாக நேராகத் தூக்கிப் பார்ப்பார், முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டுவார், பாதத்தின் தொடு உணர்வைச் சரிபார்ப்பார், கால் கட்டைவிரலை அழுத்தத்துக்கு எதிராக உயர்த்தச் சொல்வார். இவை நரம்பு நலமா என்று பார்ப்பதற்கு. அதன் பிறகுதான் என்ன நினைக்கிறார், என்ன செய்யப்போகிறார், அதன் அபாயம் என்ன என்று சொல்லி உங்கள் சம்மதம் கேட்க வேண்டும்.

உள்ளே போன ஐந்தாவது நிமிடத்தில் மேசையில் குப்புறப் படுத்திருக்கிறீர்கள் என்றால் எழுந்துவிடுங்கள். மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று யோசிக்க வேண்டாம், முதுகு உங்களுடையது.

ஒரு காட்சியைப் பற்றி எச்சரிக்கை. குப்புறப் படுக்கவைத்துக் கால்களைச் சேர்த்துப் பிடித்து, "பாருங்கள், ஒரு கால் குட்டையாக இருக்கிறது, இடுப்பு விலகியிருக்கிறது" என்று கூட வந்தவரிடம் காட்டுவார்கள். ஒரு அழுத்தல் முடிந்ததும் இரண்டு குதிகாலும் சமமாகிவிடும். கூட நின்று பார்ப்பவருக்கு இது பெரிய அதிசயமாகத் தெரியும். படுத்திருக்கும் விதம், இடுப்புத் தசையின் இறுக்கம், பிடிக்கும் கையின் சாய்வு, எது கொஞ்சம் மாறினாலும் இந்த வித்தியாசம் வரும், போகும். சில மில்லிமீட்டர் வித்தியாசம் வலியே இல்லாதவர்களுக்கும் இருக்கிறது. இதை ஆதாரமாக எடுத்துக்கொண்டு எந்தச் சிகிச்சைத் தொகுப்புக்கும் பணம் கட்டாதீர்கள்.

உடை மாற்றும் முன்பே, நின்றுகொண்டே, இந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள்: "கழுத்தில் எதுவும் செய்ய வேண்டாம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் முன்னால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்." படுத்த பிறகு சொல்வது கடினம். தலையைப் பட்டையால் கட்டி இழுக்கும் முறையும் இந்தத் தடைக்குள் அடங்கும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். வேகமான அழுத்தலே பயமாக இருந்தால், மெதுவாக அசைக்கும் முறையோ, கையடக்கக் கருவி கொண்டு லேசாகத் தட்டும் முறையோ உண்டா என்று கேளுங்கள். பயத்தில் இறுகிய தசையோடு படுத்திருப்பதில் யாருக்கும் பலன் இல்லை.

வீட்டுக்கு வந்த பின் ஓரிரு நாள் வலித்தால் பொறுத்துக்கொள்ளலாம். காலில் புதிதாக மரத்துப்போனாலோ பலவீனம் வந்தாலோ சிறுநீர் நின்றாலோ மருத்துவமனைக்குப் போங்கள். தப்பித்தவறிக் கழுத்தில் ஏதாவது செய்திருந்து, இதுவரை இல்லாத மாதிரிக் கழுத்து வலி, தலைவலி, தலைசுற்றல், இரட்டையாகத் தெரிவது, பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

10. விட்டுவிட வேண்டிய நாளை முன்பே குறித்துக்கொண்டு தொடங்குங்கள்

எல்லாப் படிகளிலும் அதிகமாகத் தவறவிடப்படுவது இதுதான். எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்யாமல் தொடங்கியவர்கள், நிறுத்துவதற்கான காரணம் எப்போதும் கிடைக்காமல் மாதக்கணக்கில் போய்க்கொண்டிருப்பார்கள். இன்னும் இரண்டு முறை பார்ப்போம் என்றே காலம் போகும்.

நோட்டில் நீங்கள் இப்போது சிரமப்பட்டுச் செய்யும் மூன்று வேலைகளை எழுதுங்கள். பொதுவாக எழுதாமல் குறிப்பாக எழுதுங்கள். "உட்கார முடியவில்லை" என்று எழுதினால் அளக்க முடியாது. "நாற்காலியில் இருபது நிமிடம் உட்கார்ந்ததும் எழ வேண்டியிருக்கிறது" என்று எழுதினால் அளக்கலாம். காலணி மாட்டுவது, குழந்தையைத் தூக்குவது, படுக்கையில் புரள்வது, எது உங்கள் வாழ்க்கையோ அது. பக்கத்தில் வலியைப் பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணாகப் போடுங்கள்.

எப்போது அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சிகிச்சை முடிந்து வெளியே வரும்போது யாருக்கும் லேசாகத்தான் இருக்கும். அந்த நேரத்து எண்ணை எழுதினால் எல்லாச் சிகிச்சையும் வெற்றிதான். அடுத்த சந்திப்புக்குப் போகும் நாள் காலையில், வீட்டை விட்டுக் கிளம்பும் முன், எப்போதும் அதே நேரத்தில் எழுதுங்கள். அதுதான் நிலைத்த பலன்.

நான்கு வாரம், அதற்குள் ஆறு சந்திப்பு வரை. இதை எல்லையாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதற்குள் வலி எண் இரண்டு புள்ளியாவது இறங்கியிருக்க வேண்டும், அல்லது மூன்று வேலைகளில் ஒன்றாவது தெளிவாக எளிதாகியிருக்க வேண்டும். பத்துப் புள்ளி அளவில் இரண்டு புள்ளிக்குக் குறைவான மாற்றம் அன்றாட ஏற்ற இறக்கத்திலேயே வந்துபோகும், அதனால்தான் இந்த எண்.

பணத்தைச் சந்திப்புக்குச் சந்திப்பு கொடுங்கள். முப்பது முறைக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். முன்பணம் கட்டியவரால் நோட்டில் உள்ள எண்ணை நேர்மையாகப் படிக்க முடிவதில்லை, கட்டிய பணம் பேச ஆரம்பித்துவிடும்.

எல்லை வந்ததும் மூன்று வழிகள். எண் இறங்கியிருந்தால் சந்திப்புகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் நிறுத்துங்கள், அந்த நேரத்தைப் பயிற்சிக்குக் கொடுங்கள். எண் அசையவே இல்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள், "உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிறது, கொஞ்சம் கூடித்தான் குறையும்" என்று யார் சொன்னாலும். எண் ஏறியிருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், ஸ்கேன் தேவையா என்று இப்போது கேட்பதில் நியாயம் உண்டு.

மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். வலி தொடங்கிய தேதி, என்னென்ன செய்தீர்கள், ஒவ்வொன்றுக்கும் எண் எப்படி மாறியது, குதிகால் நடையில் என்ன தெரிந்தது, எல்லாம் அதில் இருக்கிறது. "ரொம்ப நாளாக வலிக்கிறது டாக்டர்" என்று தொடங்குவதற்குப் பதில் முதல் பக்கத்தைத் திறந்து அவரிடம் நீட்டுங்கள்.